மணிக்கு ஒரு கட்டில்

உங்கள் வீட்டு நாய் இரவில் எங்கே படுக்கிறது? இந்தக் கேள்வியை எனக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு வீடுகளில் கேட்டுப் பார்த்தேன். "எங்கேயாவது படுத்துக்கும்" என்பதுதான் அநேகமாக எல்லா வீட்டிலும் கிடைத்த பதில். ஒரு வீட்டில் காருக்கு அடியில். இன்னொரு வீட்டில் மாடிப்படி வளைவில், பழைய செருப்புகளோடு. வேறொரு வீட்டில் எஜமானரின் காலடியில் ஆரம்பித்து விடியற்காலையில் அவருடைய தலையணையில் முடிகிறதாம்! நாய்க்கு வேளா வேளைக்குச் சோறு வைக்கிறோம், தடுப்பூசி போடுகிறோம், மாநகராட்சியில் லைசென்ஸ்கூட வாங்குகிறோம். உடம்பை நீட்டிப் படுக்க அதற்கென்று ஓர் இடம் வேண்டும் என்பது மட்டும் ஏனோ நமக்குத் தோன்றுவதில்லை.

"நாய்க்குப் படுக்கையா! அடுத்தபடி கொசுவலையா?" என்று சிரிக்கிறீர்கள் அல்லவா? தாராளமாகச் சிரியுங்கள். எங்கள் வீட்டிலும் முதலில் அப்படித்தான் சிரித்தார்கள். ஆனால் வளர்ந்த நாய் ஒரு நாளில் ஏறக்குறையப் பாதி நேரத்தைத் தூக்கத்தில் கழிக்கிற பிராணி. குட்டியோ இன்னும் அதிகம் தூங்கும். தூக்கம் கெட்ட குழந்தை சாயங்காலம் முழுவதும் எப்படிப் படுத்தும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் யாராவது தாண்டிப் போகிற இடத்தில் படுக்கும் நாயும் அப்படித்தான். அது காரணமில்லாமல் குரைக்கிறது, சிடுசிடுக்கிறது என்று நாம் சொல்கிறோம். அதைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும்.

எங்கள் மணியின் சமாசாரத்துக்கு வருகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மிதந்ததே, அப்போது எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் வந்து ஒண்டிக் கொண்ட குட்டி அது. இராஜபாளையமும் அல்ல, சிப்பிப்பாறையும் அல்ல, அசல் தெரு நாய். கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு! இரவில் விளக்கை அணைத்து விட்டால் நாய் எங்கே முடிகிறது, இருட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. இந்தக் கறுப்புதான் பிற்பாடு பெரிய சங்கடமாக முளைத்தது.

2024 பங்குனியில் என் மாமியார் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, வாக்கரைப் பிடித்தபடி வீட்டுக்கு வந்தார். "இன்னொரு தடவை விழக் கூடாது. அதுதான் மருந்து" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். கம்பளத்தைச் சுருட்டினோம். குளியலறையில் கைப்பிடி வைத்தோம். மணியை என்ன செய்வது? மார்கழியில் அதற்கு ஒரு சின்ன இலவம்பஞ்சு மெத்தை போட்டிருந்தோம். அதில் சுருண்டு சமர்த்தாகத் தூங்கிக் கொண்டிருந்த நாய், வெயில் ஏற ஏற மெத்தையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹாலிலிருந்து குளியலறைக்குப் போகும் குறுகிய நடையில், குறுக்கே, வாசற்படி மாதிரி நீட்டிப் படுத்துக் கொண்டது. மாமியார் இரவில் இரண்டு தரம் போய் வரும் வழி அது.

"நடு ராத்திரியில கறுப்பாக் கிடக்குதும்மா. எனக்குத் தரையும் தெரியல, அதுவும் தெரியல" என்றார் அத்தை. குறையாகச் சொல்லவில்லை, பயந்து சொன்னார். என் கணவரின் அண்ணா தொலைபேசியில் கேட்டது இன்னும் சுருக்கம். "அம்மா முக்கியமா, நாய் முக்கியமா?" இந்த மாதிரிக் கேள்விக்கு யாரால் பதில் சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள்! கடைசியில் ஒரு கெடு ஏற்பட்டது. வைகாசி பிறப்பதற்குள் மணி இரவில் ஓர் இடத்தில் அடங்கிப் படுக்க வேண்டும். இல்லாவிட்டால் உத்திரமேரூர்ப் பக்கம் உறவினர் தோப்புக்குப் போக வேண்டும். அதைக் கேட்டு என் பெண் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

எங்கள் கீழ் வீட்டில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். எதற்கும் அவரிடம் ஒரு வைத்தியம் உண்டு. "பத்திரிகையைச் சுருட்டி மூக்கு மேல ரெண்டு போடுங்க. தானா வழிக்கு வரும்" என்றார். பத்திரிகையில் வேலை பார்க்கிறவளிடம் சொல்லக் கூடிய யோசனையா இது! வாரா வாரம் கண் விழித்து நாங்கள் தயாரிப்பது நாயின் மூக்குக்காகவா? அது போகட்டும். அடிபட்ட நாய் என்ன கற்றுக் கொள்ளும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தக் கை வந்தால் ஓடு என்று கற்றுக் கொள்ளும். எங்கே படுக்க வேண்டும் என்று அதற்கு யார் சொன்னார்கள்?

நான் ஒரு காரியம் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த நடையில் மணிக்குப் பக்கத்தில் வெறும் தரையில் படுத்துப் பார்த்தேன். என் கணவர் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். ஆனால் சங்கதி புரிந்து விட்டது. குளியலறை ஜன்னலிலிருந்து பால்கனிக்கு ஓடும் காற்று அந்த நடை வழியாகத்தான் போகிறது. தரையும் ஜில்லென்று இருந்தது. நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கிறது, காற்றுப் பட்டால் ஆறுகிறது. நாய்க்கு வேர்வை முக்கியமாக உள்ளங்காலில்தான். மற்றபடி நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக் கொள்ள வேண்டும். அதனால்தான் ரோமம் குறைந்த வயிற்றைக் குளிர்ந்த தரையில் ஒட்டிக் கொண்டு படுக்கிறது. சித்திரை மாதத்தில் பஞ்சு மெத்தையில் படு என்றால் எந்த நாய் படுக்கும்? நானே படுக்க மாட்டேன். திமிர் என்று எல்லோரும் சொன்னது வெறும் புழுக்கம்.

ஆகவே புழுக்கமில்லாத படுக்கை வேண்டும். அதற்கு அமெரிக்காவுக்கா போக வேண்டும்? நம் பாட்டிமார் படுத்த நாடாக் கட்டில் இருக்கிறதே! கீழிருந்து காற்று வரும், உடம்பு அழுந்தாது. வெறும் தரையிலேயே வருஷக் கணக்கில் படுக்கும் நாய்களின் முழங்கை தடித்துக் காய்த்துப் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் வராது. மணி காலை நீட்டித் தூங்கும் சமயம் பார்த்துத் தையல் டேப்பால் மூக்கிலிருந்து வால் அடி வரை அளந்து, மேற்கொண்டு ஒரு சாண் சேர்த்துக் கொண்டேன். நாய் சுருண்டு கிடக்கும்போது அளந்தால் கணக்குத் தப்பும். மூன்றரை அடி நீளம், இரண்டரை அடி அகலம், அரையடி உயரம். தச்சர், "குழந்தைக்கா அம்மா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். மேலே விரிக்கப் பழைய நூல் புடவையில் இரண்டு உறைகள் தைத்தேன். வாரம் ஒரு முறை ஒன்றை வெந்நீரில் அலசி வெயிலில் போட்டால் உண்ணியும் வாடையும் அண்டாது.

எங்கே போடுவது என்பதில் வீட்டில் ஒரு சட்டசபையே கூடியது. பால்கனியில் என்றார் ஒருவர். நாய் கூட்டத்தோடு வாழும் பிராணி. தனியே தள்ளினால் இரவெல்லாம் கதவைப் பிராண்டும். கடைசியில் ஹாலில், பால்கனிக் கதவை ஒட்டிய மூலையில் போட்டோம். அங்கே காற்று வருகிறது, யாரும் தாண்டிப் போவதில்லை, படுத்தபடியே சமையலறை வாசலையும் பார்க்கலாம். மணிக்கு உலகத்தில் முக்கியமான வாசல் அது ஒன்றுதான்.

கட்டில் வந்துவிட்டால் நாய் ஏறிப் படுத்துவிடுமா? மணி அதை மோந்து பார்த்துவிட்டு நடைக்கே போய்ப் படுத்தது! இங்கேதான் பாடம் ஆரம்பம். ருஷ்யாவில் பாவ்லவ் என்ற விஞ்ஞானி, சாப்பாட்டுக்கு முன் ஓர் ஓசையைக் கேட்டுப் பழகிய நாய்க்கு, பிறகு அந்த ஓசை கேட்ட மாத்திரத்தில் வாயில் நீர் ஊறுவதைக் காட்டினார். அவர் மணியை அடித்தார் என்று சொல்வார்கள். நாங்கள் மணியை அடிக்காமலே காரியத்தை முடித்தோம். பிற்பாடு அமெரிக்காவில் ஸ்கின்னர் என்பவர், பிராணிகளுக்குப் பாடம் சொல்லித் தருவது எப்படி என்று 1951-ல் சாமானியருக்கும் புரியும்படி ஒரு கட்டுரை எழுதினார். செய்கை சரியாக நடந்த அந்தக் கணமே ஓர் ஓசை, உடனே ஒரு தீனி. இவ்வளவுதான் சூத்திரம். இன்று நாய்களைப் பழக்குகிறவர்களில் பலர் கையாளும் முறைக்கு இதுதான் அடிப்படை.

எங்கள் வீட்டு ஓசை "சபாஷ்". தீனி, பட்டாணி அளவு பனீர். சில நேரம் காரட், இட்லித் துண்டு. (வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம், குழந்தைகள் கையில் இருப்பதையெல்லாம் நீட்டாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.) முதல் நாள் நான் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. மணி கட்டிலில் ஒரு காலை வைத்தது. சபாஷ்! துண்டைக் கட்டிலின் மேலேயே வைத்தேன். கையில் கொடுத்தால் கைதான் நல்லது என்று நாய்க்குத் தோன்றும். கட்டிலில் வைத்தால் கட்டில் நல்லது என்று தோன்றும். பிறகு இரண்டு கால். பிறகு நான்கு. மூன்றாம் நாள் தானே ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்தது. அப்போதுதான் "கட்டிலுக்கு" என்ற வார்த்தையைச் சேர்த்தேன். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நாய்க்கு ஒன்றும் தெரியாதபோதே "போ, போ, படு, படு" என்று நூறு தடவை கத்தினால், அந்த வார்த்தை மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகிவிடும்.

ஏறிப் படுப்பது எளிது. அங்கேயே இருப்பதுதான் கஷ்டம். ஒன்று எண்ணும் வரை இருந்தால் ஒரு துண்டு. மூன்று, பத்து, முப்பது என்று மெல்ல நீட்டினோம். நான் இரண்டடி தள்ளிப் போனேன், பிறகு சமையலறைக்குள் போனேன், பிறகு கண்ணுக்கு மறைந்தேன். குக்கர் விசில் அடித்தாலும், கூரியர் பையன் மணி அழுத்தினாலும் இருக்க வேண்டும். இதற்கு இரண்டு வாரம் ஆயிற்று. தினம் மூன்று வேளை, வேளைக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் இல்லை. என்னைவிட என் பெண்ணுக்குத்தான் பொறுமை அதிகம். "சரி, வா" என்று சொன்ன பிறகே இறங்கலாம் என்ற ஏற்பாடும் அவளுடையது.

குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுகிறேன், தயவு செய்து கேளுங்கள். கட்டிலில் இருக்கும் நாயை யாரும் தொடக் கூடாது. கொஞ்சுவதற்கும் கூடாது. குளிப்பாட்ட, மாத்திரை கொடுக்க வேண்டுமானால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இறங்கி வரச் செய்யுங்கள். தூங்குகிற நாயைத் திடீரென்று தொட்டால், எவ்வளவு சாதுவானாலும் பல் பட்டுவிடலாம். உறுமினால் அடித்து அடக்காதீர்கள். உறுமல் என்பது "தள்ளிப் போ" என்று அது சொல்கிற மரியாதையான வார்த்தை. அதை அடக்கிவிட்டால், அடுத்த முறை சொல்லாமலே கடிக்கும். தப்புச் செய்த நாயைத் தண்டனையாகக் கட்டிலுக்கு விரட்டவும் கூடாது. அந்த மூலை அதற்குத் தாய்வீடாக இருக்க வேண்டும்.

ராத்திரி விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நடையில் ஒரு சிறு இரவு விளக்குப் போட்டோம். முதல் சில நாள் அங்கே மடக்கு நாற்காலி ஒன்றைச் சாய்த்து, மணி பழைய இடத்துக்குப் போகாமல் மறித்தோம். மாமியார் எழும் சத்தம் கேட்டால் என் கணவர் ஓடிப் போய் அதை எடுப்பார். பத்தாம் நாளுக்கு மேல் நாற்காலிக்கு வேலையில்லை. கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில், இரவு இரண்டு மணி இருக்கும், வாக்கர் தட்டும் சத்தம் கேட்டு எழுந்தேன். அத்தை நடையில் வந்து கொண்டிருந்தார். மூலையில் கட்டில் கிரீச்சென்றது. மணி தலையைத் தூக்கிற்று, எழுந்திருக்கவில்லை. "படு, படு, நான்தான்" என்றார் அத்தை. போய்விட்டு வந்தார். அவர் அறைக்குள் திரும்பும் வரை இரண்டு கண்கள் மட்டும் அந்த இருட்டில் அவரைப் பார்த்துக் கொண்டிருந்தன. மறுநாள் காலை அவர் தட்டிலிருந்து அரை இட்லி காணாமல் போயிற்று. சட்னியில்லாத பாதி.

வைகாசி முதல் தேதி அண்ணா போன் செய்தார். அத்தைதான் எடுத்தார். "எது? மணியா? அது அதோட கட்டில்ல தூங்குது. நீ சத்தம் போட்டுப் பேசாதே" என்று வைத்துவிட்டார்.

இப்போது தீனி எப்போதாவது ஒரு தரம்தான். அடியோடு நிறுத்தவில்லை, மாதச் சம்பளம் நின்றால் நாம் மட்டும் வேலைக்குப் போவோமா? மார்கழி வந்தால் நாடாவின் மேல் அந்தப் பஞ்சு மெத்தை ஏறும், மாசி முடிந்தால் இறங்கும். நாடாதான் நடுவில் தொய்ந்து தொட்டில் மாதிரி ஆகிவிட்டது. "அதுக்கு முதுகு வலிக்கும், இழுத்துக் கட்டச் சொல்லு" என்று அத்தை தினம் நச்சரிக்கிறார். கட்டில் பின்னுகிறவர் யாராவது உங்கள் தெருவுக்கு வந்தால், சகோதரிகளே, இந்தப் பக்கமும் அனுப்பி வையுங்கள்.