எண் சரி, நேரம் பிழை

ஜிற்றர் எண்டது வியாபாரிகள் கட்டின கதையில்லை. அதை முதலே சொல்லிவிடுறன். பாட்டுக் கேட்கிற எங்கட வட்டத்தில் பாதிப்பேர் அதுக்குப் பேய் மாதிரிப் பயப்பிடுகினம், மற்றப் பாதி சிரிச்சுத் தள்ளுகினம்.

சீடியில் ஒலி எண்களாக இருக்கிறது. ஒரு பக்க ஸ்பீக்கருக்கு மட்டும் செக்கனுக்கு 44,100 எண்கள். டிஏசி எனும் சிப் அவற்றை ஒவ்வொன்றாக மின்னழுத்தமாக்கி வெளியே விடும். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி ஏறத்தாழ 22.7 மைக்ரோசெக்கன். 'இப்ப விடு' என்று சொல்வது ஒரு குவார்ட்ஸ் கடிகாரம். அது கொஞ்சம் முந்தியோ பிந்தியோ துடித்தால், எண் சரியாக இருந்தும் அலையின் வடிவம் பிழைத்துவிடும். இந்தத் தள்ளாட்டம்தான் ஜிற்றர். அலை எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறதோ, பிழையும் அவ்வளவு பெரிது. ஆகவே கைத்தாளத்தின் கூர்மையான ஓசைக்குச் சேதம் கூட, மிருதங்கத்தின் தொப்பிக்குக் குறைவு.

கணக்கைப் பார்த்தால் பயம்தான் வரும். 20 கிலோஹேர்ட்ஸ் ஒலி முழு உரப்பில் 16 பிட் துல்லியத்தோடு வர வேணுமெண்டால், தள்ளாட்டம் ஏறக்குறைய 100 பிக்கோசெக்கனுக்குள் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் ஒளியே 3 சென்ரிமீற்றர்தான் போகும்.

விளம்பரம் இந்த இடத்தோடு நிறுத்திவிடும். காது என்ன சொல்லுது எண்டு அது கேட்காது. 1998இல் பெஞ்சமின், கானன் இருவரும் செய்த பரிசோதனையில், இசைக்குள் சுமார் 20 நனோசெக்கனுக்குக் கீழ்ப்பட்ட ஜிற்றர் பிடிபடவில்லை. 2005இல் யப்பானில் அஷிஹாரா குழுவினர் ஒழுங்கற்ற ஜிற்றரைச் சோதித்தபோது, பயிற்சி பெற்ற காதுகளுக்கே பல நூறு நனோசெக்கன் தேவைப்பட்டது. ஒரு நனோ என்பது 1,000 பிக்கோ. இன்றைய நல்ல டிஏசிகள் ஒரு நனோசெக்கனுக்கும் கீழேதான் தள்ளாடுகின்றன.

என்ர கூட்டாளி ஒருத்தன் ஒரு மாசச் சம்பளத்தைக் குடுத்து 'ஜிற்றர் நீக்கி' வாங்க நிண்டவன். அவனிட்ட இருக்கிறது அசிங்க்ரனஸ் யூஎஸ்பி டிஏசி. அதில் கணினி எப்ப அனுப்புது எண்டது பெரிய விசயமில்லை. டிஏசி எண்களைக் கேட்டு வாங்கி அடுக்கி வைத்து, தன்ர கடிகாரத்துக்குத்தான் விடும். "அந்தக் காசுக்கு நல்ல ஹெட்போன் வாங்கு மச்சான்" எண்டன். அவன் மடையன் இல்லை. "நாங்கள் கேட்கிறது முழுப்பாட்டு இல்லையாமடா" எண்டான். எனக்குக் கோபம் அங்கதான். காசில்லாதவனுக்குப் பாட்டு அரைகுறையாத்தான் கிடைக்கும் எண்டு ஒரு பிள்ளையை நம்பவைக்கிறது பச்சை அநியாயம்.

ஒலிப்பதிவு செய்யிற ஆக்களுக்கு மட்டும் வேற கதை. கேட்கிற கருவியின் ஜிற்றர் கோப்பில் ஏறாது. நாளைக்கு வேறொன்றில் போட்டால் அது இல்லை. பதியும்போது ஏறிய ஜிற்றர் எண்களுக்குள்ளேயே கலந்துவிடும், பிறகு எந்தப் பெட்டியாலும் அதைப் பிரிச்செடுப்பது கஷ்டம். கடிகாரத்துக்குக் காசு செலவழிக்கத்தான் வேணுமெண்டால், அந்தப் பக்கம் செலவழியுங்கோ.