சுவரோரம்

தெருவில் என்னைப் பார்ப்பவர்கள் முதலில் நினைப்பது நான் குடித்திருக்கிறேன் என்றுதான். காலை அகட்டி வைத்து, இந்தப் பக்கம் ஓரடி அந்தப் பக்கம் ஓரடி என்று தள்ளாடி வருகிறேன். வாயைத் திறந்தால் நாக்கும் குழறுகிறது. வேறென்ன நினைப்பார்கள்? ஒருநாள் காலை டவுன் பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கினேன். "காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டு வந்துட்டியா, எறங்குய்யா" என்று கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். என் தலை பாதிக்கு மேல் நரைத்தது. அவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். விளக்கம் சொல்வதற்குள் பஸ் போய்விட்டது. இப்போதெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கவே எனக்கு நேரம் பிடிக்கிறது.

கண்டக்டரின் யூகத்தில் பாதி சரி. சாராயம் உள்ளே போனவன் தள்ளாடுவது, அது சிறுமூளையைக் குழப்புவதால். எனக்கு அந்தச் சிறுமூளையே தேய்ந்துகொண்டு வருகிறது. பிடரிக்குச் சற்று மேலே, பெருமூளைக்கு அடியில் இருக்கிற உறுப்பு அது. எடையில் மொத்த மூளையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. ஆனால் மூளையின் நரம்பணுக்களில் பாதிக்கு மேல் அதற்குள்தான் இருக்கின்றன. கண், உட்செவி, உள்ளங்காலும் மூட்டுகளும் என்று மூன்று இடத்திலிருந்து வரும் சேதிகளை ஒத்துப்பார்த்து, அடுத்த அடியைத் திருத்திக் கொடுப்பது அதன் வேலை.

எங்கள் குடும்பத்தில் இது வழிவழியாக வருவது. அப்பாவுக்கும் இருந்தது, வாதம் என்று சொல்லி எண்ணெய் தேய்த்தார்கள். எனக்கு ரத்தப் பரிசோதனையில் எஸ்.சி.ஏ.1 என்று பெயர் வந்தது. ஆறாவது குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணுவில் மூன்றெழுத்துத் துணுக்கு ஒன்று அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது, கோளாறு அவ்வளவுதான். 1993இல் அமெரிக்காவில் ஹாரி ஆர், ஹூடா ஸோக்பி இருவரின் குழுக்களும் அதைக் கண்டுபிடித்தன. பிள்ளைக்கு வரவும் வராமல் போகவும் சரிபாதி வாய்ப்பு. என் மகள் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. அது அவள் முடிவு, நான் கேட்பதில்லை. தேய்வை நிறுத்த இன்னும் மருந்து வரவில்லை.

விழுவதைவிட, விழப்போகிறோம் என்கிற உணர்வுதான் ஆளைத் தின்கிறது. விழுந்தால் ஒரு அடி, ஒரு சிராய்ப்பு, அதோடு போயிற்று. இந்த உணர்வோ சும்மா நின்றுகொண்டிருக்கும்போதே வரும், யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல. சில ராத்திரி கட்டிலில் படுத்த பிறகும் விடாது. உடம்பு நேராகத்தான் கிடக்கிறது, மூளைக்கு மட்டும் சேதி தப்பாகப் போகிறது. உடனே கைகால் விறைக்கும். விறைத்த உடம்பு இன்னும் சுலபமாகச் சாயும். சரி, வம்பே வேண்டாம் என்று நடப்பதைக் குறைத்தால் காலில் பலம் போய்விடும். பிறகு நிஜமாகவே விழ வேண்டியதுதான்.

இதற்கு எனக்கு வாய்த்த நல்ல மருந்து சுவர். சாய்ந்துகொள்வதற்கு இல்லை; விரல்நுனி பட்டால் போதும். உடம்பின் பாரம் எதையும் தாங்காத அந்தச் சின்னத் தொடுகையே நிற்பவரின் ஆட்டத்தைக் குறைக்கும் என்று 1990களில் அமெரிக்காவில் அளந்து பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். மற்ற சேதிகள் குழம்பினாலும் விரல்நுனி சொல்வது குழம்புவதில்லை போலும். எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து கொல்லைக் கதவு வரை சுவரில் இடுப்புயரத்துக்கு ஓர் அழுக்குக் கோடு ஓடும். பொங்கலுக்கு வெள்ளையடித்தால் மாசி முடிவதற்குள் திரும்ப வந்துவிடும். அடுக்களை வாசல் வருகிற இடத்தில் மட்டும் கோடு அறுபடும். வீட்டிலேயே எனக்குப் பயமான இடம் அந்த இரண்டரை அடிதான். இந்த வருஷம் மனைவி அந்த நிலைக்காலில் ஒரு கைப்பிடி அடித்துவிட்டு, சுவரில் கோடு விழும் உயரத்துக்குப் பழுப்பு எனாமல் பூசச் சொல்லிவிட்டாள். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும் என்பது அவள் கணக்கு.

குளியலறை தனிக்கதை. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கண்ணை மூடுகிறோம் அல்லவா, அந்த நொடியில் மூன்று சேதிகளில் ஒன்று அறுந்துபோகும். அதனால் ஸ்டூலில் உட்கார்ந்துதான் குளியல். துண்டு போடும் கம்பியை நம்பக் கூடாது, ஆளோடு பிடுங்கிக்கொண்டு வரும். சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய கைப்பிடி வேண்டும். காலில் தட்டுகிற வேட்டியை விட்டாயிற்று. செருப்புக்குப் பின்வார் அவசியம். திரும்பும்போது நின்ற இடத்திலேயே திரும்பாமல் அகல வளைந்து வர வேண்டும். நடக்கும்போது பேச்சு கிடையாது. போன் அடித்தால் அடிக்கட்டும்.

உடற்பயிற்சியில் எனக்கு முதலில் நம்பிக்கை இல்லை. கற்றுக்கொள்கிற உறுப்பே பழுதாகியிருக்கும்போது பயிற்சி எதற்கு என்று பிசியோதெரபிஸ்ட் தம்பியிடம் கேட்டேன். 2009இல் ஜெர்மனியில் சிறுமூளைத் தேய்வு உள்ளவர்களுக்கு நான்கு வாரம் தீவிரப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில் நடை தேறியதாக வந்த ஆய்வைச் சொன்னார். விடாமல் செய்தால்தான் பலன் நிற்குமாம். பயிற்சியில் ஒன்று, தரையில் உட்கார்ந்து தானாக எழுந்திருப்பது. சாய்கிறோம் என்று தெரிந்தால் முழங்காலை மடக்கிக் கீழே இறங்கிவிடுவது இன்னொன்று. மல்லாக்க விழுவதற்கு அது எவ்வளவோ மேல்.

உதவிக்கு ஓடிவருகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நல்ல மனசோடு முழங்கையைப் பிடித்துத் தூக்குகிறீர்கள். பாதி விழுகிறவன் அதில் முழுசாக விழுகிறான். பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள், கூப்பிட்டால் திரும்புவேன், திரும்பினால் போச்சு. முன்னால் வந்து நின்று உங்கள் கையை மடக்கி நீட்டுங்கள். நானே பிடித்துக்கொள்கிறேன். அப்புறம் என் வேகத்துக்கு நடங்கள்.