சாதி நாய் ஆசையும் லயத்து நாயும்



முரட்டு முடியுள்ள பிரான்ஸ் நாட்டு வேட்டை நாயின் படத்தைக் காட்டி, "டீச்சர், இதை வீட்டில் வளர்க்கலாமா?" என்று பிள்ளைகள் எங்களிடம் கேட்கிறார்கள்.

கிரிஃபோன் வெண்டேயன் மோப்பம் பிடிக்கவே உருவாக்கிய இனம். முட்புதர் கிழிக்காமல் காப்பது அந்த முடிதான். வாசனை பட்டால் நாம் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது. நம்ம இரத்தினபுரி மழையில் முடி லேசில் காயாது, உண்ணியும் ஒளிந்துகொள்ளும்.

1848இல் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவுக்கு இங்கிலாந்து வேட்டை நாய்களைக் கப்பலில் கொண்டுவந்தார். அவருக்கு இடமும் வேலையாட்களும் இருந்தன. நமக்கு லயத்தில் ஓர் அறைதான்.

எங்கள் மார்க்கத்தில் வேட்டைக்கும் காவலுக்கும் நாய் வைக்கலாம். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்த செய்தியும் உண்டு. இரக்கம் எல்லோருக்கும் பொது.

லயத்து வாசலில் படுத்திருக்கும் நாட்டு நாயும் குடும்ப நாய்தானே? வருஷா வருஷம் அதற்கு விசர்நாய்த் தடுப்பூசி போடுவோம். ஏச்சு விழும் என்று பிள்ளைகள் கடியையும் கீறலையும் மறைப்பார்கள். ஏசாமல் விசாரிப்போம். சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவோம். நோய் அறிகுறி வந்துவிட்டால் அநேகமாகக் காப்பாற்றவே முடியாது.

பக்கத்து லயத்துக்கும் சொல்லிவிடுங்கள்.