எந்தக் கணக்கில் மாதம்?

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களில் பலர் எட்டிப் பாராத ஊர் எங்கள் தொண்டூர். சமண முனிவர்களுக்குப் பாறையில் வெட்டிய படுக்கைகள் இங்கே உண்டு. பாறையிலேயே பள்ளிகொண்ட பெருமாளும் உண்டு. ஆகவே, சும்மாப் படுத்திருப்பதை ஒரு குறையாகக் கருதக் கூடாத ஊர். ஆயினும் என் பேத்தி மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காமல் படுத்துக் கிடந்தது ஊருக்கெல்லாம் விசாரமாகிவிட்டது.

அடுத்த வீட்டுக் குழந்தையும் இவளும் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். அது பொக்கை வாயால் எல்லாரையும் பார்த்துச் சிரித்தது; தலையும் நின்றுவிட்டது. என் மருமகள் பிறர் அறியாமல் கண்ணீர் விட்டதை நான் அறிவேன்.

நானோ தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒட்டக்கூத்தர் 12-ஆம் நூற்றாண்டில் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் பாடியது முதல் வழங்கிவரும் பருவக் கணக்கு எனக்கு மனப்பாடம். மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழாம் மாதம் தால், ஒன்பதாம் மாதம் சப்பாணி. இக்கணக்கை வைத்துக்கொண்டு காலண்டரைப் பார்ப்பதே என் வேலையாயிற்று. படிப்பு சில சமயம் இப்படியும் வதைக்கும்!

ஒரு நாள் தடுப்பூசி விஷயமாக வந்த கிராம நர்ஸம்மாவிடம் மனத்திலிருந்ததைக் கொட்டினேன்.

"குழந்தை எத்தனை வாரத்தில் பிறந்தது, ஐயா?"

"முப்பத்திரண்டு வாரத்தில், அம்மா."

"அப்படியானால் எட்டு வாரத்தைக் கழியுங்கள். நாற்பது வாரம் நிறைந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணினால் இவளுக்கு ஒரு மாதந்தான் ஆகிறது. சிரிப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. இரண்டு வயது வரையில் வளர்ச்சிக்கு இதுவே கணக்கு. தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதி."

அத்துடன் விடவில்லை. குறைமாதக் குழந்தைக்கு அவசியமான விழித்திரைப் பரிசோதனையும் காது பரிசோதனையும் முடிந்தனவா என்று விசாரித்து, சீட்டுகளை வாங்கிப் பார்த்தாள். அவள் சொன்ன கணக்குப்படி மூன்று மாதம் நிறைந்தும் சிரிக்காவிட்டாலோ, கண்கள் ஆளைத் தொடராவிட்டாலோ, கைகால் விறைத்தாலோ தாமதியாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றாள். வெறும் ஆறுதலைக் காட்டிலும் இந்த எச்சரிக்கைதான் எனக்குத் தைரியம் அளித்தது.

நான்காம் மாத நடுவில் ஒரு காலை, விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்த தாயின் முகத்தைப் பார்த்துப் பேத்தி சிரித்தாள். "மாமா, மாமா!" என்று மருமகள் கூவியதில் தெருவே கூடிவிட்டது.

ஏழாம் மாதத்தில் கோரைப் பாயில் குப்புறக் கவிழ்ந்து, கைகளை ஊன்றித் தலை நிமிர்த்து இப்படியும் அப்படியும் ஆடினாள். சாட்சாத் செங்கீரை! எட்டு வாரத்தைக் கழித்துப் பார்த்தேன். ஐந்தாம் மாதம்.

இப்பொழுது யாராவது, "பேத்திக்கு எத்தனை மாதம்?" என்று கேட்டால், "எந்தக் கணக்கில் கேட்கிறீர்கள்?" என்கிறேன். கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பது அடுத்த வீட்டுப் பாட்டியின் அபிப்பிராயம்.