சில்லித் தீவுகளுக்கு ஒரு கடற்பயணம்

சில்லி என்றதும் மிளகாயை நினைக்கவேண்டாம். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை முடிகிற இடத்துக்கு 'லாண்ட்ஸ் எண்ட்' என்று பெயர். அதாவது நிலத்தின் முடிவு. அந்த முனைக்கு அப்பால், ஏறத்தாழ 28 மைல் தூரத்தில், அத்திலாந்திக் கடலுக்குள் கிடக்கிற சிறு தீவுக் கூட்டம்தான் சில்லித் தீவுகள். ஐந்து தீவுகளில் மட்டும் சனங்கள் இருக்கிறார்கள். எல்லாரையும் சேர்த்தாலும் 2,000 பேரளவில்தான் வரும். எங்கள் நெடுந்தீவிலேயே அதைவிடக் கூடுதலான ஆட்கள் உண்டு.

புதிதாகக் குடியேறிய குடும்பங்கள் எங்களிடம் முதலில் கேட்பது, "அங்கை போறதுக்கு என்ன கடதாசி வேணும்?" என்றுதான். ஒன்றும் வேண்டாம். அது வெளிநாடு அல்ல. விசாவும் இல்லை, எல்லைச் சோதனையும் இல்லை. லண்டனில் இருந்து பேர்மிங்காமுக்குப் போவது மாதிரித்தான். நடுவில் கடல் கிடக்கிறது, அவ்வளவே. ஆனால் நடுவில் கிடக்கிற அந்தக் கடல்தான் எங்களுக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தது.

நாங்கள் இருவரும் மேற்கு லண்டனில் பூக்களைக் கட்டுக் கட்டிப் பெட்டியில் அடைக்கிற தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறோம். குளிரறையில் நின்று செய்கிற வேலை. இரண்டு சோடி காலுறை போட்டாலும் மத்தியானத்துக்கிடையில் கால் மரத்துவிடும். மார்கழி, தை மாதங்களில், வெளியே ஒரு பூக்கூட இல்லாத காலத்தில், நார்சிஸஸ் என்கிற சிறு மஞ்சள், வெள்ளைப் பூக்கள் பெட்டி பெட்டியாக வரும். மல்லிகை இல்லை, மல்லிகைக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம், அப்படி ஒரு வாசம். பெட்டியில் ஊர்ப் பெயர் சில்லித் தீவுகள் என்று இருக்கும். குளிர்நாட்டில் மாரியில் பூக்கிற ஊர் எப்படிப்பட்டது என்று இரண்டு மூன்று வருடமாகக் கதைத்துக்கொண்டே இருந்தோம். 2024 செப்டெம்பரில் தொழிற்சாலை லீவு கிடைத்தபோது எங்களில் ஒருவர், "இஞ்சருங்கோ, ஒருக்காப் போய்ப் பார்ப்பமே?" என்று கேட்டா. மற்றவருக்கு உடனே பதில் வரவில்லை. 2007க்குப் பிறகு நாங்கள் இருவரும் எந்தப் படகிலும் கால் வைத்ததில்லை. தேம்ஸ் ஆற்றில் ஓடுகிற உல்லாசப் படகில்கூட ஏறவில்லை. அதன் காரணம் பின்னால் வரும்.

செவ்வாய் இரவு பெடிங்டன் நிலையத்தில், நடுச்சாமத்துக்குச் சற்று முன்னர் புறப்படுகிற ரயிலில் ஏறினோம். படுக்கை அறை எடுக்கக் கட்டுப்படியாகாது, இருக்கையில்தான் போனோம். புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிக்கொண்டு போனதால் பசி தெரியவில்லை. இரவு ரயிலில் போய், விடிய இறங்கி, கப்பல் ஏறுவது என்றதும் தாத்தா சொல்லுகிற 'போட் மெயில்' ஞாபகம் வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, மதராசில் ரயில் ஏறினால் தனுஷ்கோடி வரை போகலாம். அங்கே கப்பல் மாறித் தலைமன்னார். பிறகு ரயிலில் கொழும்பு. எல்லாவற்றுக்கும் ஒரே ரிக்கற். 1964 மார்கழிப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின் ராமேஸ்வரத்தில் இருந்து ஓடிய கப்பலும் 1980களில், எங்கள் நாட்டுச் சண்டை தொடங்கிய பின் நின்றுபோனது. நாங்கள் இருவரும் பிறந்தபோது அந்தக் கடலில் கள்ளவள்ளம் மட்டும்தான் ஓடியது.

காலை எட்டு மணியளவில் பென்சான்ஸ். கடைசி நிலையம் அது. இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் துறைமுகம். கப்பலின் பெயர் 'சில்லோனியன் 3'. 1977இல் ஓடத் தொடங்கிய வெள்ளைக் கப்பல். தீவின் துறைமுகம் ஆழம் குறைந்தது என்பதால் இதன் அடிப்பாகத்தைத் தட்டையாகக் கட்டியிருக்கிறார்கள். தட்டை அடி ஆழம் இல்லாத இடத்துக்கு நல்லது. பெருங்கடலுக்கு நல்லதல்ல. பக்கவாட்டில் உருளும். இந்தக் கப்பலுக்கு ஊர்ச்சனம் வைத்திருக்கிற பட்டப்பெயரை மரியாதையாகத் தமிழில் எழுத முடியாது. வயிற்றைக் கழுவி எடுக்கிற யந்திரம் என்பது கருத்து.

முதல் ஒரு மணித்தியாலம் கரையோரமாகவே போனது. "இவ்வளவுதானா?" என்று ஒருவர் சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, லாண்ட்ஸ் எண்ட் முனை பின்னால் போனது. அதன் பிறகு அத்திலாந்திக் அலைக்கும் கப்பலுக்கும் நடுவில் தடுப்பு ஒன்றும் இல்லை. எங்கள் ஊர்ச் சோளகக் காற்று மாதிரித் தென்மேற்கில் இருந்து அடித்தது. கப்பல் ஒரு பக்கம் சாயும்போது யன்னலில் வானம் மட்டும் தெரியும். மறுபக்கம் சாயும்போது கறுத்த தண்ணீர் மட்டும் தெரியும். கோப்பிக் கோப்பைகள் மேசையில் இருந்து வழுக்கி விழுந்தன. பணியாளர்கள் கடதாசிப் பைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். முதலில் சத்தி எடுத்தது யார் என்று எழுதக்கூடாது என்று வீட்டில் கட்டளை.

எங்களுக்கு வயிற்றைவிட மனம்தான் கூடப் புரண்டது. 2007 ஆடி மாதம். எங்களுக்குக் கலியாணம் நடந்து ஐந்து மாதம். பேசாலைக் கரையில் இருந்து இரவு பத்து மணிக்கு ஒரு பைபர் வள்ளத்தில் பதினேழு பேர் வெளிக்கிட்டோம். தாலிக்கொடி தவிர்ந்த நகை எல்லாம் வள்ளக் கூலிக்குப் போய்விட்டது. விளக்கு இல்லை. ராமேஸ்வரம் தொலைக்காட்சிக் கோபுரத்தின் சிவப்பு வெளிச்சத்தை வைத்துத்தான் ஓட்டினார்கள். தூரத்தில் றோந்துக் கப்பலின் ஒளி தெரிந்தபோது இரண்டு தரம் இயந்திரத்தை நிறுத்தினார்கள். ஓடாமல் நிற்கிற வள்ளத்தை அலை என்ன செய்யும் என்பதை இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வெட்டிய பிளாஸ்ரிக் கானால் மாறி மாறித் தண்ணீர் இறைத்தோம். விடியப்புறம் மூன்று மணிக்கு, "இதுதான் இந்தியா, இறங்குங்கோ, விடிஞ்சதும் ஆக்கள் வருவினம்" என்று இடுப்பளவு தண்ணீரில் இறக்கிவிட்டு வள்ளம் போய்விட்டது. விடிந்த பிறகு பார்த்தால் அது தீடை. நாலு பக்கமும் கடல், நடுவில் வெறும் மணல். ஒரு மரம், ஒரு செடி கிடையாது. பதினேழு பேருக்கு இரண்டு போத்தல் தண்ணீர். வெயில் ஏற ஏறப் பிள்ளைகள் அழுவதையும் நிறுத்திவிட்டன. மத்தியானம் திரும்பிய பின்னர்தான் இந்தியப் பக்கத்து மீனவர்கள் கண்டு, ஏற்றிக்கொண்டுபோய் அரிச்சல்முனையில் விட்டார்கள். பிறகு மண்டபம் முகாம். அங்கிருந்து லண்டன் வந்தது வேறு கதை. அது விமானக் கதை.

சில்லோனியன் புறப்பட்டவுடனேயே, உயிர்காப்பு அங்கிகள் எங்கே இருக்கின்றன, எப்படிப் போடுவது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மற்றவர்கள் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் எழும்பிப்போய் அந்தப் பெட்டிகளைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து இருந்தோம். பேசாலை வள்ளத்தில் ஒரு அங்கிகூட இருக்கவில்லை. பக்கத்தில் இருந்த வயதான வெள்ளைக்காரி, கண்ணை மூடாதே, தூரத்தில் வானமும் கடலும் தொடுகிற கோட்டையே பார் என்று சொல்லித்தந்தா. அது சரியான புத்தி. உள்காதுக்கு ஆட்டம் தெரியும். கண்ணுக்குக் கப்பலின் உட்சுவர் அசையாமல் தெரியும். இரண்டும் ஒத்துப்போகாததால்தான் தலை சுற்றும். அந்தக் கோட்டைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒரே கதை சொல்லும். வெளித்தட்டுக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, இஞ்சித்துண்டு சப்பியபடி நின்றோம். கை விறைத்தது. ஆனாலும் வயிறு அடங்கியது.

இந்தக் கடல் பெரிய ஆட்களையும் விட்டுவைத்ததில்லை. 1707 ஒக்ரோபரில், மத்தியதரைக் கடலில் இருந்து வீடு திரும்பிய பிரித்தானியக் கடற்படை, தான் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் இரவில் இந்தத் தீவுகளின் பாறைகளில் வந்து மோதியது. நாலு கப்பல்கள் போயின. தளபதி சேர் கிளௌட்ஸ்லி ஷொவெல் உட்பட 1,400 பேருக்கு மேல் இறந்தார்கள். கிழக்கு மேற்காக எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று கணக்கிட அந்தக் காலத்தில் நம்பகமான வழி கிடையாது. 1714இல் பாராளுமன்றம் அதற்கு வழி கண்டுபிடிப்பவருக்கு 20,000 பவுண் வரை பரிசு என்று சட்டம் போட்டது. ஜோன் ஹரிசன் என்ற தச்சர் வாழ்நாள் முழுக்க மினக்கெட்டுக் கடலில் பிழைக்காத மணிக்கூடு செய்தார். அவருடைய மணிக்கூடுகளில் சில லண்டன் கிறீனிச்சில் உள்ளன. பள்ளிப்படிப்பால் பெயர் எடுத்தவர் அல்ல அவர் என்பதில் எங்களுக்குத் தனிச் சந்தோசம்.

மத்தியானம் சென்ற் மேரிஸ் தீவில் இறங்கினோம். ஹியூ ரவுண் என்கிற சிறு பட்டணம் ஒடுங்கிய மணல் இடுக்கில் இருக்கிறது. ஒரு தெருவைக் கடந்தால் இந்தப் பக்கமும் கடற்கரை, அந்தப் பக்கமும் கடற்கரை. வெள்ளை மணல். பின்னேரம் ஓல்ட் ரவுண் தேவாலயத்துச் சேமக்காலைக்கு நடந்தோம். 1875இல் மோதி மூழ்கிய ஷில்லர் என்ற ஜேர்மன் கப்பலில் 300 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பலரை அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள். முன்னாள் பிரதமர் ஹரோல்ட் வில்சனின் கல்லறையும் அங்கேதான். சாதாரணக் கல். எங்கள் ஊர் வட்டாரப் பிரமுகர்களுக்கு இதைவிடப் பெரிதாகக் கட்டுவார்கள்.

உண்மையான சோதனை அடுத்த நாள் காலை வந்தது. ட்ரெஸ்கோ தீவுக்குப் போகவேண்டும் என்றால் சிறிய திறந்த படகில்தான் போகவேண்டும். மர வாங்கு, பின்னால் ஓட்டி, கையை நீட்டினால் தண்ணீர். வள்ளமேதான். துறைமுகப் படியில் எங்களில் ஒருவர் நின்றுவிட்டா. "என்னால ஏலாது. நீங்கள் போட்டு வாங்கோ." மற்றவர், "நீர் வராட்டி நானும் போகேல்லை" என்று பக்கத்திலேயே இருந்துவிட்டார். முதல் படகு போனது. ஒரு தேத்தண்ணீர் வாங்கி இருவரும் குடித்தோம். அரை மணித்தியாலத்தின் பின் இரண்டாவது படகு வந்தபோது, ஒன்றும் சொல்லாமல் எழும்பி, ஓட்டியின் கையைப் பிடித்து இறங்கி, நடு வாங்கில் போய் இருந்தா.

இருபது நிமிட ஓட்டம்கூட இல்லை. கடல் பச்சையாக, அடி மணல் தெரியும்படி இருந்தது. வற்று நேரம். வழியில் தண்ணீருக்கு வெளியே ஒரு மணல் திட்டு எழும்பி நின்றது. தீடை! ஓட்டியிடம், "அதில் ஆட்கள் அகப்படுவார்களா?" என்று கேட்டோம். சுற்றுலாப் பயணிகள் சிலவேளை நடந்துபோய், தண்ணீர் ஏற அகப்பட்டுக்கொள்வார்கள், நாங்கள் போய் ஏற்றி வருவோம் என்று சிரித்தார். பிறகு ஏன் கேட்டீர்கள் என்றார். சொன்னோம். சிரிப்பை நிறுத்திவிட்டார். எங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முழுக்கச் சொல்லி முடிக்கக் கரை வந்துவிட்டது. திரும்பும்போது அதே மனிதர் எங்களிடம் படகுக் காசு வாங்க மறுத்தார். நாங்கள் கட்டாயப்படுத்திக் கொடுத்தோம்.

ட்ரெஸ்கோ தோட்டத்தை 1834இல் அங்கே வந்த ஒகஸ்ரஸ் ஸ்மித் என்பவர் பாழடைந்த மடத்தைச் சுற்றித் தொடங்கினார். அத்திலாந்திக்கின் வெப்ப நீரோட்டத்தால் அங்கே உறைபனி அரிது. ஈச்ச மரங்கள், தென்னாபிரிக்கப் பூக்கள், எங்கள் வேலியோரத்து ஆனைக்கற்றாழை எல்லாம் நிற்கின்றன. 1987 தை மாதப் பனியில் பெரும்பகுதி செத்துப்போனது. மீள நட்டு வரும்போது 1990 தைப் புயல் காற்றுமறைப்பு மரங்களைச் சரித்தது. திரும்பவும் நட்டார்கள். மூழ்கிய கப்பல்களின் முகப்புச் சிலைகளை ஒரு கொட்டிலில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். வர்ணம் பூசிய பெண்களும் படைவீரர்களும். அங்கே நாங்கள் அதிக நேரம் நிற்கவில்லை.

பின்னேரக் கப்பலில் கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது. புட்டு மிச்சம் இருந்திருந்தால் தட்டில் இருந்தே சாப்பிட்டிருக்கலாம்.

போக விரும்புகிறவர்களுக்கு: பயணிகள் கப்பல் பங்குனி, சித்திரை அளவில் தொடங்கி ஐப்பசி முடிய நின்றுவிடும். மாரியில் கிடையாது. சனி இரவில் படுக்கை ரயிலும் ஓடாது என்பதால் கிழமை நாளாகப் பாருங்கள். காலையில் எண்ணெய்ச் சாப்பாடு வேண்டாம். வெறும் வயிறும் வேண்டாம், பாண் துண்டு போதும். குழந்தைகளைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழே இருத்துங்கள். அங்கே ஆட்டம் குறைவு.

வெள்ளி விடிய பெடிங்டனில் இறங்கி நேரே வேலைக்குப் போனோம். தீவில் வாங்கிய நார்சிஸஸ் கிழங்குகள் ஆறை வீட்டுப் பல்கனியில் வாளியில் நட்டோம். மாசி மாதம் இரண்டு பூத்தன.