செவி பழகும் பருவம்

மருத்துவமும் இசையும் ஒன்றுக்கொன்று பகை என்னும் கருத்து நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. சாதாரண தரப் பரீட்சையிற் சிறந்த பெறுபேறு பெற்ற பிள்ளை உயர்தரத்தில் உயிரியற் பிரிவைத் தெரிவுசெய்த அன்றே, அதன் இசைக்கருவிக்கு விடைகொடுக்கப்படுகிறது. இப்பிரிவினை இயல்பானதுதானா என்பதே என் வினா.

இவ்வினா எனக்கு நூலகத்திற் பிறந்ததன்று. தம்பலகாமத்தில் எங்கள் வீட்டிற் பிறந்தது. என் தங்கை ஏழாண்டுகள் வாரந்தோறும் பஸ்ஸேறித் திருகோணமலை சென்று ஓர் ஆசிரியையிடம் பியானோ பயின்றவள். எங்கள் வீட்டிற் பியானோ இல்லை. சிறியதொரு கீபோர்டே இருந்தது. அவள் உயிரியற் பிரிவிற் சேர்ந்த வாரத்தில் அம்மா அதனைப் பழஞ்சேலையொன்றாற் சுற்றி அலுமாரியின்மேல் வைத்துவிட்டார். “டொக்டராக வந்தபிறகு ஆறுதலாக வாசிக்கலாம்தானே” என்றார் பெரியப்பா. தங்கை மறுமொழி கூறவில்லை. இசட் புள்ளியின் சிறு பின்னமே மருத்துவபீடத்தின் வாயிலைத் திறக்கவும் மூடவும் வல்லது என்பதை அவளும் அறிவாள்.

பெரியப்பா கூறிய அந்தப் “பிறகு” என்ற சொல்லே என்னைச் சிந்திக்கத் தூண்டியது.

வயிற்றுச் சத்திரசிகிச்சையின் முன்னோடியாகப் போற்றப்படும் தியோடர் பில்ரோத் 1829 இல் ஜெர்மனியின் றூகன் தீவிற் பிறந்தவர். இளமையிலே தந்தையை இழந்த அவருக்குப் பாடப்புத்தகத்தினும் பியானோவே உவப்பாயிருந்தது. இசைக்கலைஞராக வேண்டுமென்றே விரும்பினார். அன்னையின் வற்புறுத்தலே அவரை மருத்துவத்தின்பாற் செலுத்தியது. கணவனை இழந்து பிள்ளைகளை வளர்த்த அத்தாயைக் குறைகூற என் மனம் ஒப்பவில்லை. என் அன்னையின் அச்சத்தை அறிந்தவன் யான். 1867 இல் வியன்னாவிற் பேராசிரியரான பில்ரோத், 1881 இல் புற்றுநோயுற்ற இரைப்பையின் ஒரு பகுதியை வெற்றிகரமாக அகற்றி மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றார். ஆயினும் அவர் வீட்டுப் பியானோ மூடப்படவில்லை. இசைமேதை பிராம்ஸ் அவருடைய உற்ற நண்பர். 1873 இல் தம் இரு தந்தி நால்வரிசைப் படைப்புகளை அவருக்கே காணிக்கையாக்கினார். இசையுணர்வு உடையவர் யாவர் என்பதைப் பற்றிப் பில்ரோத் எழுதிவந்த நூல், அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1895 இல் வெளிவந்தது.

இது ஒருவரின் தனிச்சிறப்பு என ஒதுக்கிவிடலாமோ? நெஞ்சை விரலாற் தட்டி எழும் ஓசைகொண்டு நோயறியும் முறையை 1761 இல் உலகுக்கு அளித்த ஔன்புருக்கர், சலியேரியின் இசைநாடகமொன்றுக்கு உரையாத்த இசைப்பற்றாளர். 1816 இல் இதயத்துடிப்புமானியைக் கண்டறிந்த லெனெக் புல்லாங்குழல் வாசிப்பவர். இசையே இவர்தம் கண்டுபிடிப்புகளுக்குக் காரணம் என நிறுவுதல் அரிது; இசையறியா நன்மருத்துவரும் பலர். எனினும், ஓசையின் நுண்வேறுபாட்டைப் பொருட்படுத்தப் பழகிய செவி நோயாளியின் அருகே வீணாவதில்லை என்று துணிந்து கூறலாம்.

நம் மரபிலும் சான்றுண்டு. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859 – 1919) சித்த மருத்துவத்தாற் பொருளீட்டியவர். அப்பொருளைக்கொண்டே 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகளைக் கூட்டினார். 1917 இற் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். அவருடைய மருத்துவம் தமிழிசையைப் புரந்தது. ஆனால், பொருள் சேர்ந்தபின் அவர் இசை கற்கத் தொடங்கினாரல்லர். ஆசிரியப் பயிற்சிக்காகத் திண்டுக்கல்லில் வாழ்ந்த இளமைக்காலத்திலேயே வயலின் பயின்றிருந்தார். பில்ரோத்தின் விரல்களும் மருத்துவக் கல்விக்கு முன்னரே பியானோவிற் பழகியிருந்தன. இருவரும் பிற்காலத்தில் இசையை நுகர்ந்தது, முற்காலத்தில் அதனைக் கைவிடாமையாலன்றோ?

இதனையே நான் வீட்டில் எடுத்துரைத்தேன். இசையால் எங்கள் கடன் தீராது. நெல்லின் விலையை நம்பி வாழும் குடும்பத்துக்கு மருத்துவர் ஒருவர் கிடைத்தல் பெரும்பேறு. அதனை நான் மறுக்கவில்லை. நாளுக்கு அரைமணி நேரமே வேண்டினேன். வயலிலிருந்து வந்து திண்ணையில் அமர்ந்திருந்த அப்பா நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “அரைமணித்தியாலம் படிப்பைத் தின்னாது” என்று மட்டும் கூறினார். அம்மா இன்னும் முழுமனத்தோடு உடன்பட்டாரல்லர். பரீட்சையின் முடிவு எவ்வாறாயினும் அந்த அரைமணி நேரத்தின்மேலேயே பழி விழக்கூடும் என்பதைத் தங்கையும் உணர்ந்தே வாசிக்கிறாள்.

எங்கள் ஊர் கந்தளாய்க் குளத்து நீரால் விளைவது. மதகு திறக்கும் நாளில் விதையாதவன், அறுவடைக் காலத்தில் எத்துணைச் செல்வனாயினும் தன் வயலிற் கதிர் காணான். ஆதிகோணநாயகர் கோயில் முன்றிலில் நாதசுரமும் தவிலும் முழங்கக் கேட்டு வளர்ந்த ஊருக்கு, செவிக்கும் அத்தகைய பருவமொன்று உண்டென்பது புதிய செய்தியன்று. பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கணக்கிடும்போது மாத்திரம் அதனை நாம் ஏன் மறந்துவிடுகிறோம்?