செருப்போடு ஒரு சாந்தியாசனம்

ஏப்ரல் 24

வெளிநோயாளர் பகுதியிலிருந்து இன்றும் ஒரு துண்டு வந்தது. ஐம்பதைத் தாண்டிய அம்மா. நெஞ்சு படபடப்பு, கைகால் உளைவு, இரவில் நித்திரை இல்லை. ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று, இரத்தமும் சோதித்தாயிற்று, பிழை ஒன்றும் இல்லை. அடியில் டொக்டர் என் அறை இலக்கத்தை எழுதியிருந்தார்.

முல்லைத்தீவுக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து பார்க்கிறேன், "மனம் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு இங்கே யாரும் வருவதில்லை. நெஞ்சை அடைக்கிறது, உச்சந்தலை கொதிக்கிறது, பெருமூச்சு பெருமூச்சாய் வருகிறது என்றுதான் வருவார்கள். அதைச் சனத்தின் அறியாமை என்று நினைக்கிற உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போரில் ஷெல் விழுந்தபோது ஓடியது கால்; இடித்தது நெஞ்சு. முறைப்பாட்டை முதலில் அவைதானே சொல்ல வேண்டும்?

ஏப்ரல் 29

பொதுநோக்கு மண்டபத்தில் சாந்தியாசனம். எல்லோரும் செருப்பை வாசலில் விட்டார்கள். அந்த அம்மா மட்டும் தன்னுடையதை ஒரு பையில் போட்டு உள்ளே கொண்டுவந்தார். பாய்க்குப் பக்கத்தில் எடுத்து வைத்தார், நுனி இரண்டும் வாசலைப் பார்த்தபடி. மற்றவர்கள் உள்ளங்கையை விரித்து மல்லாந்து கிடக்க, அவர் முழங்காலை மடித்துக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தார். கண் திறந்தே இருந்தது.

"கண்ணை மூடினா பங்கருக்குள்ள கிடக்கிற மாதிரிக் கிடக்கு, பிள்ளை."

கண்ணை மூடி, மல்லாந்து, அசையாமல் கிடப்பதுதான் ஓய்வு என்று பயிற்சிக் கையேடு சொல்கிறது. மாதக்கணக்காகப் பங்கரில் கிடந்த உடம்பு அதை ஓய்வென்று எடுக்காது. அதனால் சுவரோடு பாயைப் போட்டேன். சாய்ந்து இருக்கலாம், வாசல் தெரியும், பார்வை நிலத்தில் இருந்தால் போதும். ஒருவருக்குப் பின்னால் நடக்கிறபோது முன்கூட்டியே சொல்லிவிட்டு நடக்கிறேன். தொட்டுத் திருத்துவது இல்லை. மூச்சை அடக்கச் சொல்வதும் இல்லை, மூச்சு முட்டிய ஞாபகம் யாருக்கு எங்கே இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. அவ்வளவுதான். மூளையின் அடித்தண்டிலிருந்து புறப்பட்டு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் போகிற வேகஸ் நரம்பு, இதயத்துக்குப் பிரேக் போடுகிற வேலையைச் செய்கிறது. மூச்சை இழுக்கும்போது அந்தப் பிரேக் கொஞ்சம் தளரும், விடும்போது இறுகும். அதனால்தான் வெளிமூச்சை நீட்டச் சொல்கிறோம். இதையெல்லாம் நான் அங்கே விளக்கவில்லை. மணிக்கட்டில் விரலை வைத்து நாடியைப் பாருங்கோ என்றேன். சிறிது நேரம் கழித்து அம்மா சொன்னார்:

"உள்ள இழுக்கேக்க ஓடுது, விடேக்க நடக்குது."

பதினைந்து பக்கக் கையேட்டை இதைவிடச் சுருக்கமாக யாராலும் எழுத முடியாது.

மே 3

மூச்சுப்பயிற்சி மட்டும் போதுமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி, ஏனென்றால் பயிற்சி கொடுக்க வருகிற சிலர் அது எல்லாவற்றையும் தீர்க்கும் என்ற தோரணையில்தான் கதைக்கிறார்கள்.

எனக்கு ஞாபகம் வந்தது 2009-இல் வெளியான ஓர் ஆய்வு. 2004 சுனாமிக்குப் பிறகு வடகிழக்கு இலங்கையில் நடந்தது. போரையும் அலையையும் பார்த்த, எட்டிலிருந்து பதினாலு வயதுக்குட்பட்ட 31 பிள்ளைகள். ஒரு குழுவுக்குத் தியானமும் உடல்தளர்வும். மற்றக் குழுப் பிள்ளைகள் நடந்ததை வாழ்க்கை வரிசையில் வைத்துக் கதையாகச் சொல்லவேண்டும். இரண்டுக்கும் ஆறு அமர்வுகள். இரண்டையும் நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதம் கழித்துக் கதை சொன்ன குழுவில் 81 வீதமும் தியானக் குழுவில் 71 வீதமும் தேறியிருந்தார்கள். எண்ணிக்கை சிறிது. ஒன்றும் செய்யாமல் விட்ட மூன்றாவது குழு இல்லாததால், தானாகத் தேறியவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்லவும் வழியில்லை. ஆனாலும் ஒன்று விளங்குகிறது: கதைக்க வைப்பதா, மூச்சா என்று சண்டை பிடிப்பது வீண். கதைக்க ஏலாதவருக்கு மூச்சில் தொடங்கலாம். கதைத்துக்கொண்டிருக்கும்போது நடுங்கத் தொடங்குகிறவருக்கும் திரும்பி வந்து நிற்க அது ஓர் இடம்.

மே 7

கடற்கரைப் பக்கக் கத்தோலிக்கப் பெண்கள். "ஓம்" என்று சொல்லச் சொன்னால் சங்கடப்படுவார்கள். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இதற்கு வழி காட்டியிருக்கிறார்: அவரவர் சமயத்தில் ஏற்கெனவே இருக்கிற செபம், திக்ர், மந்திரம் எதையும் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கலாம். ஆகவே செபமாலை. அருள்நிறை மரியே சொல்லும்போது, ஒருவர் பாதியைத் தொடங்க மற்றவர்கள் மீதியை முடிக்க, மூச்சு தன்பாட்டில் நீண்டுவிடுகிறது. இத்தாலியில் பெர்னார்தி என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் 2001-இல் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். இலத்தீன் செபமாலையும் திபெத்திய மந்திரமும் இரண்டுமே மூச்சை நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறுக்குக் கொண்டுவந்தன. நான் எண்ணச் சொல்கிற நாலும் ஆறும் கூட்டினால் பத்து விநாடி. அதே கணக்கு.

மே 14

முள்ளிவாய்க்கால் கஞ்சி வாரம். சந்தியில் பெரிய கிடாரத்தில் அரிசி கொதிக்கிறது. தண்ணீர், உப்பு, வேறொன்றும் இல்லை. 2009-இல் அந்தக் கடற்கரைத் துண்டுக்குள் அடைபட்டிருந்த சனத்துக்குக் கிடைத்தது இதுதான். வரிசையில் நின்றவர்கள் மேலும் ஷெல் விழுந்தது.

சிரட்டையை வாங்கிய ஒருவர் உடனே குடிக்கவில்லை. மூக்கருகே பிடித்தபடி நின்றார். பிறகு கொஞ்சம் குடித்துவிட்டு, யாரென்றே தெரியாத ஒரு பெடியனிடம், "அப்ப உப்பும் இல்லை" என்றார். அவன் ஏன் என்று கேட்க, அவர் சொல்லத் தொடங்கினார். அரைமணி நேரம் கதைத்திருப்பார். மண்டபத்தில் என்னிடம் ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசாத மனிதர்.

போர் தனி ஆளை மட்டும் காயப்படுத்துவதில்லை, குடும்பம், ஊர், ஒருவர்மேல் ஒருவருக்குள்ள நம்பிக்கை எல்லாம் சேர்ந்து உடைகிறது என்று தயா சோமசுந்தரம் எழுதியிருக்கிறார். 2014-இல் வந்த அவரது நூலின் பேச்சே அதுதான். அப்படியானால் என் பாயும் எண்ணிக்கையும் அரைவாசி வேலைதான் செய்யும். மீதியைச் சந்தியில் கொதிக்கிற கஞ்சியும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலும் செய்கின்றன. அவற்றை யாரும் சிகிச்சை என்று சொல்வதில்லை, சொல்லாமல் இருப்பதும் நல்லது.

மே 21

செருப்பு அம்மா வந்தார். நாலு மணிநேரம் ஒரேயடியாக நித்திரை கொண்டாராம். மகனை 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளித்தவர். அந்தியேட்டி செய்யவில்லை, செய்யமாட்டார். பிறந்தநாளுக்கு அவனுக்கென்று ஒரு கோப்பையில் சோறு போட்டு வைப்பார். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய போராட்டம் இங்கேயும் நடக்கிறது. பந்தலில் இருப்பவர்களில் இவரும் ஒருவர்.

"பிள்ளை, பந்தலிலயும் வந்து உதைச் சொல்லித் தாவன்."

எனக்கு உள்ளூர ஒரு தயக்கம். பதில் கேட்டு இருக்கிறவர்களுக்கு மூச்சு எண்ணக் கற்றுக்கொடுத்தால், பதில் இல்லாமலே சமாளிக்கக் கற்றுக்கொடுப்பதாகிவிடாதா? மனத்திடம், மனத்திடம் என்று திட்ட அறிக்கைகளில் எழுதுகிறபோதெல்லாம் எனக்கு இந்தச் சந்தேகம் வரும். அதையே கொஞ்சம் மாற்றி அவரிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"எங்களில கனபேர் செத்துப் போச்சினம். மிச்சப் பேர் இன்னும் கனநாள் அங்க இருக்க வேணுமெல்லோ?"

இதற்கு மேல் நான் எதைச் சொல்ல? விடுமுறை நாளில் போவதற்கு அலுவலகத்தின் அனுமதி தேவையில்லை என்று பார்த்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை பத்து மணி. பாய் சரிவராது, அங்கே பாதிப்பேருக்கு முழங்கால் நோ. கதிரையில் இருந்தபடியே செய்வதற்கு ஏற்றமாதிரி மாற்ற வேண்டும்.